நாலாவது பாட்டு

“காதுல பஞ்சு வெச்சுக்கிட்டு ராக் கச்சேரிக்கு வர்றதும், குடை பிடிச்சுக்கிட்டுக் குளிக்கறதும் ஒண்ணு” என்று மெக்கானிக் அறிவித்தார். மனித குலம் கண்ட ராக் ரசிகர்களில் கடைசி அசல் தான்தான் என்பதும் அதே மூச்சில் அறிவிக்கப்பட்டது. மேடையில் இன்னும் விளக்குகூடப் போடவில்லை.

மனைவியும் மகளும் ஆளுக்கு இரண்டு மஞ்சள் பஞ்சை உருட்டிக் காதில் செருகிக்கொண்டார்கள். குடும்பத்தோடு வருவது இது பத்தாவது கச்சேரி. அந்த அறிவிப்பும் பத்தாவது முறை.

அப்படிப் பேச அவருக்குத் தகுதி இருந்தது. பஸ் டிப்போவில் அவருக்குப் பெயரே ‘காது’. ஓடுகிற எஞ்சினில் ஸ்க்ரூடிரைவரின் முனையை ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினாரானால், கோளாறு வால்விலா பேரிங்கிலா என்று பிசகாமல் சொல்லிவிடுவார்.

திங்கட்கிழமை முதல் அவர்தான் தலைமை மெக்கானிக் என்று மேனேஜர் வாய்வார்த்தையாகச் சொல்லியாகிவிட்டது. அந்த மேனேஜரும் இவருடைய பிரசங்கத்தில் மயங்கி டிக்கெட் எடுத்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு நேர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மகள் ஒரு காதுப் பஞ்சை எடுத்துவிட்டு, இந்தக் குழுவைப் பற்றி நன்றாகப் படித்துவிட்டு வந்திருப்பதாகவும், நாலாவது பாட்டு வரும்போது ஒன்று செய்வார்கள் என்றும் ஆரம்பித்தாள். படித்துவிட்டு வர இதென்ன பரீட்சையா என்று கேட்டு அவள் வாயை அடைத்தார். அவள் அம்மா பக்கம் திரும்பி மிச்சத்தைச் சொல்லி முடித்தாள்.

முதல் மூன்று பாட்டுக்கு ஸ்பீக்கர் நெஞ்சில் ஏறி மிதித்தது. சட்டைப் பித்தான்கள் அதிர்ந்தன. மெக்கானிக் கழுத்து சுளுக்குமளவுக்குத் தலையை ஆட்டினார். நடுநடுவே பின்னால் திரும்பி, எப்படி என்பது போல மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, பிரமாதம் என்று தலையை மட்டும் அசைத்தார்.

நாலாவது பாட்டில் இரண்டு சரணம் முடிந்தது. டிரம்ஸ்காரன் இரண்டு குச்சிகளையும் தலைக்கு மேல் ஓங்கி இறக்கினான்.

சத்தம் வரவில்லை.

கரண்ட் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கிடார்காரனின் விரல்கள் பறந்தன. பாடகி கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் ஆயிரக்கணக்கான வாய்கள் வரிக்கு வரி அவளோடு திறந்து மூடின. மனைவியின் உதடுகூட அசைந்தது. ஒருவர் முகத்திலும் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை.

அவர் காதுக்குள் மட்டும் ‘கொய்ங்’ என்று ஒரே ஒரு கொசு.

இரண்டு விரலைக் காதோரம் உரசிப் பார்த்தார். ஒன்றுமில்லை. அடுத்த காதில் உரசினார். அங்கும் கொசுதான்.

திங்கட்கிழமை கண்முன் வந்து நின்றது. எஞ்சின் ஓடும்; டிப்போவே சுற்றி நிற்கும்; அவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். யாராவது ‘காது’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூட முடியாது. மகள் இனி எது சொன்னாலும் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சற்றுமுன் அவள் சொல்ல வந்ததைக் கேட்டிருக்கலாம். அவள் குரலைக் கடைசியாக ஒருமுறை முழுசாகக் கேட்ட மாதிரியாவது இருந்திருக்கும்.

மெல்லக் கையை நீட்டி, மகள் மடியில் இருந்த டப்பாவிலிருந்து இரண்டு பஞ்சை எடுத்தார். போனது போகட்டும், மிச்சம் மீதியாவது தங்கட்டும். யாரும் பார்க்காதபடி குனிந்து, உருட்டி, காதுக்கு ஒன்றாக ஆழச் செருகிக்கொண்டார்.

நிமிர்ந்தபோது மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். பாட்டுச் சத்தத்தை மீறி அவளுக்குக் கேட்க வேண்டுமே என்று, அடித்தொண்டையிலிருந்து கத்தினார்.

“எனக்குக் காது போயிடுச்சு. நீ பயப்படாதே, வேலைக்கு ஒண்ணும் ஆகாது. நான் என்னைக்குக் காதால கண்டுபிடிச்சேன்? வண்டி வந்ததும் டிரைவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து, என்ன கோளாறுன்னு கேட்டுக்குவேன். ஸ்க்ரூடிரைவரெல்லாம் சும்மா ஒரு பந்தாவுக்கு.”

மனைவியின் முகம் வெளுத்தது. முன்வரிசைத் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. மேடையில் பாடகியே வாயசைப்பதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். மகள் பாய்ந்து அவர் காதுகளிலிருந்து பஞ்சைப் பிடுங்கினாள்.

எங்கோ தூரத்தில் ஒருவர் இருமினார். அது அவருக்குத் தெளிவாகக் கேட்டது; ஸ்பீக்கர் சத்தத்தில் அடைத்திருந்த காது திறந்துகொண்டிருந்தது.

“காது போன அவங்க பழைய டிரம்மருக்காக இந்த ஒரு சரணத்தை மட்டும் சத்தமே இல்லாம பாடுவாங்கப்பா” என்று மகள் கிசுகிசுத்தாள். “ஜனங்களும் வாயைத்தான் அசைப்பாங்க. அதைத்தான் சொல்ல வந்தேன்.”

மெக்கானிக் பின்னால் திரும்பவில்லை. திரும்ப அவசியமும் இருக்கவில்லை. அந்தப் பெரிய மௌனத்தில், பின்வரிசைக் குரல் நிதானமாக வந்தது.

“அப்போ திங்கக்கிழமையிலேர்ந்து டிரைவருக்கு நானே டீ வாங்கிக் குடுத்துக்கறேன்.”