அறை காலியான நரி

தேரிக்காட்டுச் செம்மணலில் திராட்சைத் தோட்டத்தோடு இருந்த அந்த விடுதியில் தங்கினால், தங்கும் நாள் முழுக்க ஒரு நரிக்குத் தண்ணீர் கிடைக்கும். அதற்காகவே மதுரையிலிருந்து வந்திருந்தாள் சகாயராணி.

ஊருக்குக் கிளம்ப வேண்டிய அன்று காலை, அவள் அறைக்கென்று ஒதுக்கிய நரியின் கழுத்துப்பட்டையைக் கண்டதும் தண்ணீர்த் தொட்டியின் மூடி தானாகத் திறந்தது. அது குடித்துவிட்டு நகர்ந்ததும், பின்னால் காத்திருந்த இன்னொரு நரியின் மூக்குக்கு நேரே மூடி சாத்திக்கொண்டது.

"இதுக்கு ஏன் திறக்கல?" என்று மேலாளர் இன்பராஜிடம் கேட்டாள்.

"அதோட ரூம் காலியாயிட்டு மேடம். அடுத்த கெஸ்ட் வந்தா தானா திறந்திரும்."

"யாரும் வரலன்னா?"

"சீசன்ல வருவாங்க."

"நரியைக் காப்பாத்துறோம்னு சொல்லித்தானே எங்களைக் கூப்பிட்டீங்க?"

"உங்க நரிக்குக் குறையில்லாம குடுத்தோமே மேடம்," என்றான் அவன், மனத்தாங்கலோடு.

இன்னும் சற்று நேரத்தில் சகாயராணி கிளம்பிவிட்டால் அவளுடைய நரிக்கும் இதே கதிதான். ஆனால் எதிரே திராட்சைக் கொடிகளுக்குத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. விறுவிறுவென்று போய் அந்தக் குழாயைப் பிடுங்கினாள். ஒயின் பாட்டில்களைக் குளிரவைக்கும் அண்டாவுக்குள் அதைத் திணித்தாள்.

"மேடம், கொடி வாடிரும்," என்று பதறி ஓடி வந்தான் இன்பராஜ்.

"வாடட்டும்."

புதர்களுக்குள்ளிருந்து நரிகள் ஒவ்வொன்றாக வந்தன. விலா எலும்பு தெரியாத நரி அவளுடையது மட்டும்தான்.

வாசலில் அவளுக்கான வண்டி ஹாரன் அடித்தது. சகாயராணி அண்டாவுக்குப் பக்கத்தில் மணலிலேயே உட்கார்ந்தாள்.

"வண்டியைத் திருப்பி அனுப்புங்க. நான் ரூமைக் காலி பண்றதா இல்ல."