ஒரு குதிரைகூட ஏறவில்லை

வியாழக்கிழமை பிற்பகல் நான்கு மணி. பட்டறையில் மூன்று கார்கள் நின்றிருந்தன. நான்காவதாக ஹாரனை அழுத்தியபடியே உள்ளே நுழைந்தான் முஹன்னத்.

காருக்கு அடியில் படுத்திருந்த அபூ ஹைதம் தலையை நீட்டினார். காலையிலிருந்து இடுப்பு வலி. இப்போது இது வேறா என்றிருந்தது.

"மாமா, இது என்ன?" முஹன்னத் ஒரு தாளை அவர் மூக்குக்கு நேரே ஆட்டினான். "எழுபத்திரண்டு குதிரைசக்தி! வண்டி வாங்கினப்ப எவ்வளவோ அவ்வளவுதான். ஒரு குதிரைகூட ஏறல!"

அவன் பின்னாலேயே இறங்கினார் ரம்ஸி. அடுத்த தெருவில், காரை உருளைமேல் ஓட்டி அதன் சக்தியை அளந்து சொல்லும், கேட்டால் கூட்டியும் தரும் கடை அவருடையது. தாளை அச்சடித்துக் கொடுத்தவரும் அவர்தான்.

"மூணு வாரம் முன்னாடி என்ன சொன்னீங்க? பிக்கப் பிச்சுக்கும்னீங்களே!" என்றான் முஹன்னத்.

"பிச்சுக்கலையா?"

"பிச்சுக்கிற மாதிரிதான் இருந்துச்சு..."

"இருக்காதா பின்ன?" என்றார் ரம்ஸி, காத்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி. "ஆக்சிலேட்டரை லேசா தொட்டாலே முழுசா மிதிச்ச மாதிரி மாத்தி வச்சிருக்காரு. எஞ்சின்ல கையே வைக்கல. இருபது வருஷமா இந்த பயாதர் வட்டாரத்துல இதுதான் இவரு தொழில் போல."

காத்திருந்தவர்களில் ஒருவர் மேஜைமேல் வைத்த சாவியை மெல்ல எடுத்துக்கொண்டார்.

"அப்ப எதைத்தான் மாத்துனீங்க?" என்றான் முஹன்னத்.

"சக்கரத்தைக் கழட்டிப் பாரு. பிரேக் பேட், டிஸ்க், ஹோஸ், ஆயில், எல்லாம் புதுசு. டயரும் நல்ல டயர்."

"ரேஸ் டயர்னு சொன்னீங்க!"

"மழைக்கு நல்லது."

"நான் பிரேக்கா கேட்டேன்? பிரேக்கெல்லாம் எங்கம்மா கேப்பாங்க!"

யாரோ சிரித்தார்கள். அபூ ஹைதம் கந்தலில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நீ வந்தன்னிக்கு உன் பிரேக்கைப் பாத்தேன். அதை வச்சுக்கிட்டு சாக்கடல் இறக்கத்துல போட்டி ஓட்டப் போறேன்னே. முதல்ல பிரேக் போடுன்னு உனக்கு முன்னாடி எத்தனையோ பேர்கிட்ட சொல்லிப் பாத்துட்டேன். எல்லாரும் தலையை ஆட்டிட்டு இவர் கடைக்குப் போயிடுறானுங்க."

"போகத்தான் செய்வான். கேட்டதைக் குடுக்கிறவன்தான் யோக்கியன், அபூ ஹைதம்," என்றார் ரம்ஸி. "நீங்க பண்ணினதுக்குப் பேரு ஏமாத்து."

"ஆமா, ஏமாத்துதான்," என்றார் அபூ ஹைதம்.



"நாளைக்கு பசங்க முன்னாடி எந்த முகத்தோட நிப்பேன்?" என்றான் முஹன்னத்.

"வா தம்பி. எஞ்சின்ல என்ன செய்யணுமோ நான் செஞ்சு தர்றேன்." ரம்ஸி அவன் தோளில் கை போட்டார்.

"என்ன வேணா பண்ணிக்கோ," என்றார் அபூ ஹைதம். "பிரேக்கை மட்டும் கழட்டிடாதே."

அவர்கள் போனதும், காத்திருந்த மூன்று கார்களில் இரண்டு கிளம்பின. மாலைத் தொழுகைக்குள் அந்தத் தாளின் படம் பயாதர் முழுக்க, கைப்பேசி கைப்பேசியாகச் சுற்றிவிட்டது. மறுவாரம் ஓர் இளைஞன்கூடப் பட்டறைப் பக்கம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அபூ ஹைதம் காலையில் கதவைத் திறப்பார், தேநீர் போடுவார், அது ஆறும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

முன்புறக் கதவில் 'வாடகைக்கு' என்று எழுதி ஒட்டலாமா என்று மனைவியிடம் கேட்டார்.

நவம்பர் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தெருவில் மற்ற கடைகள் திறக்குமுன், அப்போதுதான் லைசென்ஸ் வாங்கியிருந்த தன் மகள் தாலாவின் சிறிய காரை ரம்ஸி ஓட்டி வந்து அபூ ஹைதமிடம் சாவியைக் கொடுத்தார். அவள் பிக்கப் கேட்கிறாள் என்றும், முஹன்னத் காருக்குச் செய்த அதே வேலையைச் செய்தால் போதும் என்றும் சொல்லிவிட்டு, பின்தெரு வழியாக நடந்து போனார்.