தனித்தட்டு

சன்னல் வெயில் மேசைமேல் இரண்டு தட்டுகளுக்கு நடுவே விழுகிறது. ஒன்றில் நிறைய ஆற்று மட்டிச் சிப்பிகள். மற்றதில் ஒரே ஒரு சிப்பி. பக்கத்துக் கிண்ணத்து நீரில் அந்த ஒற்றைச் சிப்பியின் இனத்து மட்டி ஒன்று உயிரோடு வாய் மூடிக் கிடக்கிறது. துறைத்தலைவர் ஒற்றைச் சிப்பியை எடுத்து நிறைந்த தட்டில் போடுகிறார். ஆய்வாளர் அதைத் திரும்ப எடுத்துத் தனியே வைக்கிறாள். "ரெண்டும் ஒண்ணுதாம்மா. புது இனம்னு நீ சொன்னா அணை வேலை நின்னுடும்" என்கிறார் அவர். "ஒண்ணுன்னு சொன்னா இது வாழற ஓடை நின்னுடும் சார்." "ஓட்டோட வெளிப்பக்கம் பாரு, ரெண்டும் ஒரே கறுப்பு." "உங்களுக்கும் உங்க தம்பிக்கும் ஒரே மீசைதான். ரெண்டு பேரும் ஒரே ஆளா சார்?" அவள் சிப்பியை விரித்து, இரு மடல்களும் சேரும் கீலை அவர் விரலருகே நீட்டுகிறாள். மற்றவற்றில் அங்கே பல்போல ஒரு மேடு உண்டு. இதில் வெறும் வழவழப்பு. அவர் தடவிப் பார்க்கிறார். "படைச்சவன் பிரிச்சு வச்சதை நான் சேர்க்க மாட்டேன் சார். வேணும்னா என்னை வேற இடத்துக்கு மாத்திடுங்க." அவர் எழுகிறார். வெயில் கிண்ணத்தைத் தொட்டுவிட்டது. போகிற போக்கில் அவர் கை அதை நிழலுக்கு நகர்த்துகிறது. நீருக்குள் மட்டி மெல்ல வாய் திறக்கிறது. அவள் உள்ளங்கை ஒற்றைச் சிப்பியின் மேலேயே இருக்கிறது.