கண்ணமங்கலத்தில் நின்ற கார்

பார்த்திபன் ஓங்கிய வீல் ஸ்பேனர் மெக்கானிக் வேடியப்பனின் தோளில் இறங்கியது.

“பறக்கும்னு சொல்லித்தானேடா டர்போ வச்சே? கண்ணமங்கலம் தாண்டலை! துர்கா ஏறின வேலூர் பஸ் கண்ணு முன்னாடி போயிகினு இருக்குது, வண்டி இருமி இருமி நின்னுபோச்சி. கையில கெடச்சிருந்தா இன்னிக்கி அவ கதை முடிஞ்சிருக்கும்!”

துர்கா அவன் மனைவி. காலையில் அவன் மண்டையை உடைத்ததும் ஆரணியில் பஸ் ஏறியவள்.

“எத்தனால் கலந்த பெட்ரோலுங்க, டர்போவுக்கு ஒத்துக்கல. டியூனிங்ல நான்தான் தப்பு பண்ணிட்டேன்” என்றான் வேடியப்பன்.

அடுத்த அடியில் உதடு கிழிந்தது.

கை ஓய்ந்த பிறகே பார்த்திபன் ஸ்பேனரை எறிந்துவிட்டுப் போனான்.

அவன் தலை மறைந்ததும் அவனுடைய அம்மா முனியம்மாள் சொம்பும் கையுமாக ஷெட்டுக்குள் ஓடிவந்தாள்.

“உண்மையைச் சொல்லிட்டு தப்பிச்சிருக்கலாமே வேடியப்பா?”

“சொன்னா உங்களக் கொன்னிருப்பான்மா. துர்கா?”

“அம்மா வூட்டுக்குப் போயி சேர்ந்துட்டா.”

வேடியப்பன் சொம்பை வாங்கிக் குடித்தான். தண்ணீரில் ரத்தம் சொட்டியது.

“காலையில நான் கார் டேங்க்குல ஊத்தனதும் இதே சொம்புலதாம்பா. எத்தனால் பெட்ரோலக் கெடுக்க ஒரு சொம்புத் தண்ணியே ஜாஸ்தின்னு நீ சொன்னது சரியாப் போச்சி.”