உறையாத தொட்டி

"சத்தியமாச் சொல்றேங்க, ஓபேத் மாமா திருட்டுத்தனமா கரண்ட் இழுத்திருக்காரு!"

வெர்னா இப்படிப் போட்டு உடைத்ததும், ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோன அவள் கணவர் ரூபெனின் கை பாதியில் நின்றது.

"சும்மா இரு வெர்னா. எழுபது வயசு மனுஷன்."

"வயசானா ஆசை வராதா? இந்த விஸ்கான்சின் குளிர்ல ஊர் பூரா குதிரை தண்ணி குடிக்கிற தொட்டி உறைஞ்சு பாறையாக் கிடக்கு. கோடாலியால பிளந்து பிளந்து என் கை காச்சுப் போச்சு. பக்கத்து வீட்டுத் தொட்டியில மட்டும் ஆவி பறக்குது. எப்படியாம்?"

நவீன வசதிகளை ஒதுக்கிப் பழைய முறையில் வாழும் கிறிஸ்தவர்களான அவர்களுடைய ஆமிஷ் சபையில் கரண்ட் கூடவே கூடாது. கம்பி இழுத்து மாட்டிக்கொண்டால், ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்கணும். யார் மேல் புகார் வந்தாலும் வீடு தேடிப் போய் விசாரிப்பது டீக்கனின் வேலை. அந்த டீக்கன் வேறு யாருமில்லை, ரூபென்தான்.

"என் தம்பி ரேடியோ வாங்கினப்போ மட்டும் விசாரிக்க றெக்கை கட்டிக்கிட்டுப் போனீங்களே!"

ரூபென் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வெர்னாவும் பின்னாலேயே போனாள்.

வேலியைத் தாண்டியதும் ஓபேத் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். போன வருஷம் தொட்டிப் பனியை உடைக்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர். ஆனால் யார் உதவிக்கு வந்தாலும் விரட்டிவிடுவார்.

"வா டீக்கன்! என் கண்டுபிடிப்பைப் பார்க்க வந்தியா? ரப்பர் தொட்டியைப் பழைய டிராக்டர் டயருக்குள்ள இறக்கியிருக்கேன். சுத்தி குதிரைச் சாணியும் வைக்கோலும். சாணிச் சூடு இருக்கே, அடேயப்பா! மேல உப்புத்தண்ணி பாட்டில் மிதந்து ஆடுது பாரு, அது பனி பிடிக்க விடாது."

"இதையேதான் மாமா நானும் செஞ்சேன். பாட்டிலும் சேர்ந்துல்ல உறைஞ்சுபோச்சு!" என்றாள் வெர்னா.

"உன் சாணி சரியில்லம்மா!"

வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குனிந்து, சாணிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். டயரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒரு கம்பியும் அகப்படவில்லை.

"நாங்க வர்றது தெரிஞ்சு சுருட்டி வெச்சிருப்பீங்க. ஞாயித்துக்கிழமை சபையில சொல்லத்தான் போறேன்!"

"சொல்லும்மா. அதுக்கு முன்னாடி ஒரு வாய் காப்பி குடி" என்று ஓபேத் உள்ளே போனார்.

அவர் தலை மறைந்ததும் ரூபென் மனைவியை ஓரமாக இழுத்தார்.

"வாயை மூடுடி! கரண்டும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. பால் கறக்கப் போறேன்னு சொல்லிட்டு, தினமும் விடிகாலையில நான்தான் மூணு வாளி வெந்நீர் கொண்டுவந்து ஊத்துறேன்."

"நீங்களா?"

"உதவின்னு சொன்னா அவரு விடுவாரா? மறுபடி கோடாலியைத் தூக்கிட்டு பனி மேல நிப்பாரு. இன்னொரு தடவை விழுந்தா எந்திரிப்பாரா சொல்லு. தன் சாணிதான் ஜெயிச்சுதுன்னு நினைச்சுக்கிட்டு நிம்மதியா வீட்டுக்குள்ள இருக்கட்டுமே!"

வெர்னாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கண்ணும் கலங்கியது. சாணி அப்பிய கையைப் பார்த்தவள், "நாளையிலேர்ந்து நாலு வாளியா ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு, கை கழுவ உள்ளே போனாள்.

"மன்னிச்சிருங்க மாமா. உங்க சாணி நல்ல சாணிதான்."

ஓபேத் வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சிரித்தார்.

"சாணியாவது மண்ணாவது! உன் புருஷன் வாளி தூக்கிட்டு வர்றதை இந்த ஜன்னல் வழியா தினமும் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்!"

வெர்னா வாயைப் பிளந்தாள். "தெரிஞ்சுமா சும்மா இருக்கீங்க? மத்தவங்களை எல்லாம் விரட்டுறீங்களே!"

"புகார் விசாரிக்கிற மனுஷன்மா அவன். அவன் வண்டியைக் கண்டாலே ஆளாளுக்குக் கதவைச் சாத்திக்கிறாங்க. நின்னு நாலு வார்த்தை பேச ஆளில்ல. அவன் மெல்ல விசிலடிச்சுக்கிட்டு சந்தோஷமா வர்ற வீடு இது ஒண்ணுதான். அதையும் கெடுக்கச் சொல்றியா?"