சூளையம்மன்

"அண்ணே, சப்பாத்த அங்கயே கழட்டிட்டு வாங்க. அம்மா கோவக்காரி" என்றாள் குமுதா, கற்பூரத் தட்டைக் கீழே வைத்தபடி.

அருணன் சப்பாத்தோடுதான் வந்தார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கொண்டோ அடுக்குமாடியின் அடித்தளக் கார் பார்க்கில் அம்மன் முளைத்த கதை அவருக்குத் தெரியாதா என்ன?

கொண்டோ கட்டத் தோண்டியபோது கிடைத்த பழைய செங்கல் சூளை அது. ஊருக்கே பேர் கொடுத்த செங்கல் எப்படி வெந்தது என்று நாலு பேர் பார்க்கட்டுமே என்று அலையாய் அலைந்து, மேலே கண்ணாடித் தளம் போட வைத்தவர் அவர். மூன்று வருடத்துக்குத்தான் கொண்டோ கட்டிய கம்பெனி ஒத்துக்கொண்டது; அப்புறம் மூடிவிடுவதாகப் பேச்சு. கெடு போன வருடமே முடிந்தும் யாரும் கை வைக்கவில்லை. தான் மாதாமாதம் போய்ப் பேசியதன் பலன் என்று அருணனுக்கு உள்ளூரப் பெருமை.

ஆனால் கண்ணாடி முழுக்க இப்போது மஞ்சள், குங்குமம், வாடிய மாலை. சூளை வாயில் கருகிக் கிடந்த ஒரு கல், எதிரே பூக்கடை வைத்திருக்கும் குமுதாவின் கண்ணுக்கு அம்மன் முகமாகத் தெரிந்ததில் வந்த வினை.

"அக்கா, இது சாமி இல்லக்கா, செங்கல் சுட்ட அடுப்பு. காலையில காஜாங்லேருந்து ஒரு பஸ் ஆளுங்களக் கூட்டிட்டு வந்தேன். எல்லாம் துன்னூறு பூசிட்டுப் போயிட்டாங்க. ஒருத்தராச்சும் குனிஞ்சு பாக்கணுமே."

"கும்புட்டா நல்லதுதானே லா. உங்களுக்கு என்ன போச்சு?"

அருணனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நேரே போய் மேனேஜர் விஜயனைக் கையோடு கூட்டி வந்தார்.

இடம் போதவில்லை என்று ஸ்டோர் ரூமையும் பிள்ளைகள் விளையாடும் இடத்தையும்கூட பார்க்கிங் ஆக்கிவிட்ட ஆள் விஜயன். கண்ணாடி ஓரம் வந்ததும் அவரும் சப்பாத்தைக் கழற்றினார்.

"நீங்களுமா பாஸ்? இது வெறும் சூளை. கோயிலும் இல்ல, கீயிலும் இல்ல. முதல்ல பூசைய நிப்பாட்டுங்க."

"நல்லாத் தெரியுமா? சாமி குத்தம் ஒன்னும் வராதே?"

"சத்தியமா வராது. அத்தனையும் கல்லு."

விஜயன் முகம் மலர்ந்தது. சப்பாத்தை மாட்டிக்கொண்டு, மாலையை மிதித்துக் கண்ணாடி மேலேயே நடந்தபடி கைப்பேசியில் கம்பெனி முதலாளியை அழைத்தார்.

"டத்தோ, நீங்க இத்தன நாளு பயந்தது வேஸ்ட்டு. கீழ சாமி இல்லையாம், வெறும் கல்லாம். அருணன் சாரே சொல்லிட்டாரு. நாளைக்கே சிமெண்டு ஊத்தி பார்க்கிங் போட்டுறலாம்... மேலதான் இருக்கீங்களா? சரி, எறங்கி வாங்க, பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

குமுதா தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். லிஃப்ட் இறங்கும் சத்தம் கேட்டது.

அருணன் அவசரமாகக் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்.

"அக்கா, கற்பூரம் மிச்சம் இருக்கா?"