குறுக்குக் கீறல்

"துருவ மட்டும் எடுத்துடுங்க. இந்தக் குறுக்குக் கீறலத் தொடாதீங்க" என்று சொல்லித்தான் கமலவேணி அந்தக் கத்தியைக் கொடுத்திருந்தாள். சாணை பிடிக்கும் அந்தோணிசாமிக்குக் கை சும்மா இருக்கவில்லை. தன் முகம் வெட்டுப்படாமல் அலகில் தெரிந்தால்தான் அவருக்கு வேலை முடிந்த மாதிரி. கீறல் போகும்வரை தேய்த்துவிட்டு, வழக்கம்போல அலகைக் கண்ணெதிரே பிடித்தார். முகம் முழுசாகத் தெரிந்தது. ஆனால் மீசையே வைக்காத அவருக்கு அதில் நரைத்த மீசை இருந்தது. வெயிலில் கண் கூசுகிறதென்று நினைத்து, துணியால் துடைத்து அவளிடம் நீட்டினார். வாங்க வந்தவள் அலகைப் பார்த்ததும், செத்துப்போன மாமனாரே எதிரில் வந்த மாதிரி முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

"நான் கீறல அழிக்கச் சொல்லலங்க" என்று கத்தியிடம் மெல்லச் சொன்னாள். "இவருதான்."

அலகிலிருந்த முகம் அந்தோணிசாமி பக்கம் திரும்பியது.